மச்சு பிச்சுவுக்கு வரம்பு தேவை



பெரு நாட்டின் கூஸ்கோ நகரையும் மச்சு பிச்சு இடிபாடுகளையும் சுற்றிவந்த தம்பதியரின் பயணக் கட்டுரை படித்தேன். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என நுழைவுச்சீட்டுக்கு வரம்பு வைத்திருப்பது, தொலைவிலிருந்து வருவோருக்கு அநீதி என்கிறார்கள். கடல் கடந்து போனவர்கள் சீட்டுக் கிடைக்காமல் திரும்புவது கொடுமைதான். ஆனாலும் வரம்பு வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் எழுப்பிய அந்த ஊரின் சிறந்த சுவர்கள் சாந்தே இல்லாமல் கல்லோடு கல் பொருந்தி நிற்பவை. சுமார் 2,430 மீட்டர் உயரத்தில், கனமழை பெய்யும் செங்குத்தான முகட்டில் அது சரியாமல் இருப்பதற்குக் காரணம் படிக்கட்டு வயல்களும், அவற்றின் அடியில் நீரை வடியவிடும் சரளைக்கல் அடுக்குகளும். ஓயாத காலடியில் தேய்ந்த படிக்கல்லை மாற்றலாம். மாற்றிய கல் இன்காக்கள் வைத்ததாகாதே!

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் உள்ளூர் மக்கள் என்ன செய்வார்கள் என்பது வலுவான கேள்வி. கூட்டத்தைப் பரப்பினால் அவர்களுக்கு இழப்பில்லை. பிசாக், ஒயந்தாய்தம்போ ஆகிய இன்கா ஊர்கள் கூஸ்கோவுக்கு அருகிலேயே, அதைவிடத் தாழ்வான பள்ளத்தாக்கில் இருக்கின்றன. கூஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம். இறங்கியவுடன் பலருக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். பள்ளத்தாக்கில் சில நாள் தங்கினால் உடலும் பழகும், அங்குள்ள விடுதிக்காரருக்கும் நெசவாளருக்கும் வருமானமும் சேரும். நம் பயண முகவர்கள் அவசரத் திட்டங்களை விற்பதை நிறுத்தி, நுழைவுச்சீட்டு உறுதியான பிறகே விமானச்சீட்டு வாங்கச் சொல்ல வேண்டும்.

– வாசகர், மதுரை