பழைய டிராக்டருக்குப் புது பேட்டரி: வாங்கும் முன் ஒரு சோதனை

கேள்வி: 20 வருடப் பழைய டிராக்டர். இரண்டு வருடத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. இப்போதும் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. மேட்டில் நிறுத்தி, உருட்டித்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது. மூன்றாவது பேட்டரி வாங்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பணம் போடும் முன் கோளாறு எங்கே என்று பாருங்கள். பேட்டரியைத் தின்பது வேறொன்றாக இருந்தால், மூன்றாவதும் போய்விடும்.

முதலில் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, துடைத்து, இறுக்கிவிட்டு, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் துரு இருந்தால் சுரண்டிவிடுங்கள். பல வண்டிகளுக்கு இதுவே போதும்.

அடுத்து மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற வண்டியில், நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குப் பக்கத்தில் இருந்தால் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. என்ஜினைக் கிளப்பி ரேஸ் கொடுத்தால் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் டைனமோ, ஆல்டர்னேட்டர், பெல்ட் இவற்றில் கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவதற்கு இதுவும் காரணம். இவை சரியாக இருந்து, முழு சார்ஜ் ஏற்றியும் மறுநாள் நிற்கவில்லை என்றால், பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

வாங்கும்போது டிராக்டர் புத்தகத்தில் உள்ள ஆம்பியர் ஹவர் அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள். முனைகள் இருக்கும் பக்கமும் பெட்டியின் அளவும் பழையதோடு பொருந்த வேண்டும். தயாரித்த தேதியைப் பார்த்து, வாரன்டி அட்டையில் முத்திரை வாங்குங்கள்.

கழற்றும்போது எர்த் வயரை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால், ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் எரியக்கூடியது. பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. ஆசிட் தெறித்தால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போங்கள்.

பெட்டியைத் தாங்கும் கிளாம்ப்பை இறுக்குங்கள். சேற்றுழவு அதிர்வில் ஆடும் பேட்டரியின் தகடுகள் உதிரும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்; போர் தண்ணீர் வேண்டாம். அறுவடை முடிந்து வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் எர்த் வயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். தீர்ந்த நிலையில் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து கெட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. செல்ஃப் எடுக்கவில்லை என்று கீழே நின்றபடி ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரைத் தொட்டுக் கிளப்பாதீர்கள். கியரில் இருந்தால், கிளப்பியவர் மேலேயே பின் சக்கரம் ஏறிவிடும். உருட்டிக் கிளப்புவதும் ஆபத்துதான். பிரேக் பிடிக்காவிட்டால் எதிரே நிற்கும் ஆளோ மாடோ தப்ப முடியாது. ஒரு பேட்டரி விலையை மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உடைத்து ஈயத்தை உருக்கினால், அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.