கையைப் பழிக்குமுன் காரைப் பாருங்கள்

பெண்களுக்குத் தோள்வலு போதாது, ஆகவேதான் அவர்களால் போர்முலா வன்னை எட்ட முடிவதில்லை என்றொரு தீர்ப்பு, கார்ப் பந்தயம் பற்றிய பேச்சு எழும் இடமெல்லாம் வந்து விழுகிறது. தீர்ப்பு வழங்குவோர் காரை விசாரித்ததாகத் தெரியவில்லை.

போர்முலா வன் கார்களில் பவர் ஸ்டியரிங் உண்டு. அதற்குச் சாரதிகளை அனுப்பிவைக்கும் முந்திய படியான போர்முலா டூ காரில் அது இல்லை. இத்தாலியின் டல்லாரா நிறுவனம் வடிவமைத்து, 2018 இல் களமிறங்கிய காருக்கு 3.4 லீற்றர் டேர்போ இயந்திரம். 620 குதிரை வலு. வேகம் இரட்டித்தால், காற்று காரை நிலத்தோடு அழுத்தும் விசை நான்கு மடங்காகும். அந்த அழுத்தத்தின் கீழ் வளைவில் திரும்பும் அகன்ற முன் டயர்கள் தாமாகவே நேர்நிலைக்கு வர முயலும். அந்த இழுவை முழுவதும் சாரதியின் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்குகிறது. மேற்படியில் பொறி செய்யும் வேலையைக் கீழ்ப்படியில் தசை செய்யவேண்டும் என்பது விசித்திரமான ஏணி அல்லவா?

போர்முலா வன் அணி தன் சாரதிக்கேற்ப ஸ்டியரிங்கை வடிவமைக்கலாம். போர்முலா டூவிலோ எல்லா அணிகளுக்கும் ஒரே கார். தற்போதைய வடிவிலான போர்முலா டூவில் ஓடிய முதற் பெண்ணான கொலம்பியாவின் தத்தியானா கல்டெரொன், 2019 இல் அந்தக் காரையே ஓட்டினார். ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. அதை முழுவதுமாக ஸ்டியரிங்கின் தலையில் கட்ட நான் வரவில்லை. தோள் மீது கட்டுவோரும் சற்றுப் பொறுக்கட்டும்.

செலவு கூடிவிடும் என்பார்கள். 2020 இல் இதே காருக்கு 18 அங்குலச் சில்லுகள் பூட்டப்பட்டன. போர்முலா வன் அவற்றுக்கு மாறியது 2022 இல்தான். டயர் நிறுவனம் முன்கூட்டியே பாடம் படிப்பதற்காக மாற்ற முடிந்த காரை, ஓட்டுபவருக்காக மாற்ற முடியாமற் போனது எப்படி?

2023 ஓகஸ்ற்றில் மொன்ஸாவில் புதிய காரை அறிமுகம் செய்தபோது, எல்லா வகைச் சாரதிகளுக்கும் பொருந்தும்வண்ணம் ஸ்டியரிங்கைத் திருப்பத் தேவைப்படும் விசையையும் கவனத்திற் கொண்டதாக அறிவித்தார்கள். நல்லது. அப்படியானால் முந்திய கார் எந்த வகைச் சாரதிக்காக அமைக்கப்பட்டது? அதை மட்டும் எவரும் சொல்லவில்லை. 2024 முதல் ஓடும் அந்தப் புதிய காரிலும் பவர் ஸ்டியரிங் இல்லை.