ஒரே ஸ்வரத்தில் நிற்பது

"ஒரே கட்டையைப் போட்டு எத்தனை நேரம்டா தட்டுவே? மத்த கட்டையெல்லாம் வாடகைக்கு விட்டுட்டியா?"

போன மாதம் என் பேரனிடம் இப்படிக் கேட்டேன். பன்னிரண்டு வயது. கீபோர்டு கற்றுக்கொள்கிறான். நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவன் பதிலே பேசாமல் ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். நான்கு நாட்கள் அந்தக் கீபோர்டு துணி போர்த்தியபடியே கிடந்தது.

சிறு வயதில் வர்ணம் வரைக்கும் பாட்டுக் கற்றுக்கொண்டவன் நான். அந்தத் தைரியத்தில், "இந்தக் காலத்துப் பாட்டில் மெட்டே இல்லை, ஒரே ஸ்வரத்தில் வசனம் பேசுகிறார்கள்" என்று காலை நடையில் நண்பர்களோடு சேர்ந்து நானும் பல வருஷங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது அந்தக் கட்சியிலிருந்து விலகுகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் நானே அவனிடம் போய், "அன்னைக்கு வாசிச்சதைத் திரும்ப வாசிடா" என்றேன். கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டுவிட்டு உட்கார்ந்தான். "வலது கையைப் பாக்காதீங்க தாத்தா. இடது கையைக் கேளுங்க" என்றான்.

வலது கை 'ஜி'யிலேயே, அதாவது நம் கணக்கில் ஐந்து கட்டையிலேயே, தட்டிக்கொண்டு நின்றது. இடது கை முதலில் சி மேஜர் கார்டைப் பிடித்தது. சியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஜி பஞ்சமம். அசையாத, நிம்மதியான ஸ்வரம். பிறகு இடது கை இ மைனருக்குப் போனது. அதே ஜி இப்போது சாதாரண காந்தாரம் ஆகிவிட்டது. ஏதோ துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருந்தது. அடுத்து இ ஃபிளாட் மேஜர். ஜி அந்தர காந்தாரமாகி வெளிச்சமாகிவிட்டது. கடைசியில் ஏ செவன்த். இப்போது அது கைசிகி நிஷாதம். எங்கேயோ போக வேண்டும், நிற்க முடியவில்லை என்று தவித்தது. வலது கை விரல் இருந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

வீட்டில் கீபோர்டு இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

அன்று இரவு எனக்குப் பட்டது இதுதான். நம் சங்கீதத்தில் தம்பூரா மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. தரை அங்கேயே இருக்க, பாடகர்தான் நடந்து நடந்து இடங்களைக் காட்டுகிறார். கார்வை கொடுத்து ஒரே ஸ்வரத்தில் நின்றாலும், ஸட்ஜத்துக்கும் அதற்கும் உள்ள உறவு மாறுவதில்லை. கார்டு வைத்த சங்கீதத்தில் நேர்மாறாகவும் செய்யலாம். பாடகர் நின்ற இடத்தில் நிற்க, அவர் காலுக்குக் கீழே தரை நகரும். இத்தனை நாள் நான் நிற்பவரை மட்டும் பார்த்துவிட்டு, "இவர் நடக்கவே இல்லையே" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதையே பாட்டாகச் செய்து காட்டியவர்கள் பிரேசில்காரர்கள். அன்டோனியோ கார்லோஸ் ஜோபிமும் நியூட்டன் மென்டோன்சாவும் சேர்ந்து எழுதிய பாட்டின் பெயரே 'ஒற்றை ஸ்வர சம்பா'. (நம் ஊர் நெல் அல்ல, அவர்கள் ஊர்த் தாளமும் ஆட்டமும்.) ஜோவோ ஜில்பெர்டோ 1960-ல் அதைப் பாடிப் பதிவு செய்தார். பாடும் குரல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, கிதாரின் கார்டுகள் அரை அரை ஸ்வரமாகக் கீழே இறங்குகின்றன. பிறகு மெட்டு இன்னொரு ஸ்வரத்துக்குத் தாவி அங்கேயும் சிறிது நேரம் நின்றுவிட்டு, பழைய இடத்துக்கே திரும்புகிறது. கறாராகக் கணக்குப் பார்த்தால் இரண்டு ஸ்வரம்தான், மன்னித்துவிடலாம். ஸ்வரம் மாறாததால் நம் காது, அது தாளத்தில் எங்கே வந்து விழுகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்குகிறது. அடி மேல் விழாமல் முன்னும் பின்னும் நழுவி நழுவி விழுகிறது. அந்தச் சுகமே தனி.

இந்தப் பாட்டின் குறும்பு நடுப்பகுதியில் இருக்கிறது. அங்கே மெட்டு மேலும் கீழுமாக ஓட்டமாய் ஓடுகிறது. அந்த இடத்தில் வரும் வார்த்தைகளின் பொருள், நிறையப் பேசுகிறவர்கள் பலர் ஒன்றுமே சொல்வதில்லை என்பது. பிறகு பாட்டு தன் ஒற்றை ஸ்வரத்துக்குத் திரும்பி வருகிறது, பிரியமானவரிடம் திரும்புவது போல. எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தை மனதில் வைத்து எழுதியது போலவே எனக்குப் பட்டது.

மென்டோன்சா 1960-லேயே, 33 வயதில், மாரடைப்பில் இறந்துவிட்டார். 1962-ல் ஸ்டான் கெட்ஸும் சார்லி பேர்டும் தங்கள் இசைத்தட்டில் இதை வாசித்து அமெரிக்காவெங்கும் பரவியதைப் பார்க்க அவர் இல்லை.

அவர்களுக்கும் முன்னால், 1932-ல், கோல் போர்ட்டர் 'நைட் அண்ட் டே' பாட்டின் தொகையறாவை இப்படித்தான் தொடங்கினார். முப்பது தடவைக்கு மேல் ஒரே ஸ்வரம். முரசு அடிப்பதும், கடிகாரம் ஓடுவதும், மழைத்துளி சொட்டுவதும் அங்கே சொல்லப்படுகின்றன. இரவும் பகலும் ஒரே ஆளை நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு வேறு எந்த மெட்டு பொருந்தும்? அவன் மனசு அந்த ஒரே இடத்தில்தானே மாட்டிக்கொண்டிருக்கிறது!

அதற்காக ஒரே ஸ்வரத்தைத் தட்டுவதெல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. கீழே எதுவும் நகராமல், தாளமும் மாறாமல், சொல்லிலும் சரக்கில்லாமல் நாலு நிமிஷம் தட்டினால் அது வெறும் தட்டல்தான். இப்போது நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. அந்த ஸ்வரம் பத்தாவது தடவை வரும்போது முதல் தடவை வந்த அதே ஸ்வரமாகக் கேட்கிறதா? கேட்டால் பாட்டு தோல்வி. வேறு ஏதோவாகக் கேட்டால், அங்கே ஒரு இசைக்காரர் வேலை செய்திருக்கிறார். இந்தச் சோதனையைச் செய்யாமல் "மெட்டே இல்லை" என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம். நான் எழுதியிருக்கிறேன், அதுவும் ஒரு குழந்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் இரண்டு கையாலும் கார்டு பிடித்துக்கொண்டு, "அந்த ஜியை நீங்க பாடுங்க தாத்தா" என்றான். இதென்ன பெரிய விஷயம் என்று 'பா' பிடித்தேன். இரண்டு கார்டு தாண்டுவதற்குள் குரல் எங்கேயாவது இறங்கிப் போகலாமா என்று பார்த்தது. அடியில் எல்லாம் நகரும்போது தன் இடத்தில் நிற்பது இவ்வளவு சிரமம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"தாத்தா, ஸ்ருதி இறங்குது" என்றான் அவன். சிரிக்கவில்லை. அவனுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.