பழைய உலாவிகளும் தமிழ் மின்னூலகங்களும்: ஆதரவை நிறுத்தும் எல்லை எது?

முன்னுரை

சுவடிப் படிமங்கள், அரிய நூல்கள், பழைய இதழ்கள் எனத் தமிழாய்வுக்குரிய தரவுகள் பல இன்று மின்னூலகங்களின் வழியே கிடைக்கின்றன. அண்மையில் பழைய கணினி ஒன்றில் அத்தகைய தளமொன்றைத் திறந்தபோது, நூலுக்கு மாறாக உலாவியைப் புதுப்பிக்கக் கோரும் அறிவிப்பே தோன்றியது. அது விண்டோஸ் 7 இயங்கும் கணினி. குரோம் உலாவியோ 2023இல் வெளிவந்த 110ஆம் பதிப்பிலிருந்து அவ்வியங்குதளத்தில் இயங்குவதில்லை. பழைய உலாவிகளுக்கான ஆதரவை ஒரு தளம் எப்போது நிறுத்தலாம் என்னும் வினா, எனவே, தரவை அணுகும் வாய்ப்பைப் பற்றியதுமாகும்.

நிறுத்துவதற்கான நியாயங்கள்

ஆதரவை என்றென்றும் தொடர இயலாது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத உலாவி பயனருக்கே தீங்கு விளைவிக்கும். பழைய உலாவிகளுக்கென எழுதப்படும் கூடுதல் நிரல்களின் சுமை பிற பயனரையும் சாரும். வேர்டுபிரஸ் மென்பொருள் 2021 ஜூலையில் வெளியான 5.8ஆம் பதிப்பில் இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவை நிறுத்தியது. அவ்வுலாவியின் பயன்பாடு 1 விழுக்காட்டளவிற்குச் சுருங்கியதும் பராமரிப்புச் சுமையும் அம்முடிவுக்குக் காரணங்களாயின. முடிவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டமை பாராட்டத்தக்கது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2022 ஜூன் 15 அன்று அவ்வுலாவியை ஓய்வுபெறச் செய்தது.

விழுக்காட்டின் குறை

எனினும் விழுக்காடு மட்டுமே போதிய அளவுகோலன்று. உலகளாவிய கணக்கு ஒரு தமிழ் மின்னூலகத்தின் வாசகரைக் காட்டாது. தளத்தின் சொந்தக் கணக்கிலும் ஒரு பிழை நேரக்கூடும். நூலைத் திறக்க இயலாது திரும்பியவர் மீண்டும் வருவதில்லை. அவர் வராமையே, பழைய உலாவியில் படிப்போர் இல்லை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. கிடைத்த படிகளைக் கொண்டு பாடம் துணியும் பதிப்பாசிரியர், கிடைக்காமற்போன படிகளையும் கருத்திற்கொள்வார். அவ்வெச்சரிக்கை இங்கும் வேண்டும்.

வாசிப்பும் வசதியும்

ஆதரவு என்பதை ஒரே பொருளாகக் கொள்ளாது வாசிப்பு, வசதி என இரண்டாகப் பகுத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. சொல்லடைவுத் தேடல், பக்கம் புரட்டும் காட்சி, குறிப்பெழுதுதல் ஆகியன வசதிகள். இவற்றுக்குப் புதிய உலாவி வேண்டும் எனத் தளம் வரையறுக்கலாம். நூற்பாடத்தைப் படித்தலும் படிமத்தைப் பதிவிறக்குதலும் அடிப்படை. இவற்றுக்கு எளிய எச்டிஎம்எல் பக்கமும் கோப்புக்கான இணைப்பும் போதும். இவ்வடிப்படையைத் தளத்தின் காப்பு இடந்தரும் வரை காத்தல் கடமையாகும்.

யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ்த் தளங்கள் சில இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கும் எழுத்துரு நுட்பத்தைச் சார்ந்திருந்தன. பிற உலாவிகளில் அவற்றின் பாடம் பொருளற்ற குறியீடுகளாகத் தோன்றியது. அன்று பழைய நுட்பத்தைச் சார்ந்து இழந்த வாசிப்பை, இன்று புதிய நுட்பத்தை மட்டும் சார்ந்து இழத்தல் தகாது.

முடிவுரை

ஆதரவை நிறுத்தும் நாளை விழுக்காடு மட்டும் வரையறுத்தலாகாது. நாள் முன்னரே அறிவிக்கப்பட்டதா, பாடத்தை அடைய எளிய மாற்றுவழி உள்ளதா என்னும் இரு வினாக்களுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்த பின்னரே ஒரு மின்னூலகம் பழைய உலாவிக்கு விடைகொடுக்கலாம். தமிழ்த்துறைகள் மின்னாக்கத் திட்டங்களை வகுக்கும்போதே இவ்விரு வரையறைகளையும் எழுத்தில் சேர்த்தல் நன்று.