விளையாட்டு என்னும் பாடசாலை

"இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லையே!" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நம் இல்லங்களில் அன்றாட வழக்கமாகிவிட்டது. படிப்பு ஒரு கரை, விளையாட்டு மறுகரை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். புத்தகத்தை விரித்து அமர்ந்திருப்பவன் நல்ல பிள்ளை. விளையாட்டில் மூழ்கியிருப்பவன் பொழுதை வீணாக்குபவன். இந்தப் பிரிவினை சரிதானா என்பதைப் பெற்றோர்கள் சற்றே சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில், உயிரோடு தொடர்புடைய மிகக் கடினமான சில பணிகளே பாவனையாகச் செய்து பார்க்கும் பயிற்சியின் வழியாகத்தான் கற்பிக்கப்படுகின்றன.

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்னும் இளைஞர் இருந்தார். அவருடைய தந்தை பியானோ, ஆர்கன் ஆகிய இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தார். விமானம் ஓட்டக் கற்பதற்கு ஆகும் பெருஞ்செலவைக் கண்ட லிங்க், ஆர்கனில் காற்றைச் செலுத்தும் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்தும் திரும்பியும் அசையும் ஒரு சிறு விமானக் கூண்டை 1929ஆம் ஆண்டு உருவாக்கினார். உலகம் அதனை விளையாட்டுப் பொருளாகவே பார்த்தது. முதலில் அதனை வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்களே. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகளிடம் தபால் பைகளைக் கொண்டு செல்லும் பணி ஒப்படைக்கப்பட்டது. மூடுபனியிலும் இருளிலும் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள்ளேயே பலர் மாண்டனர். அதன் பிறகுதான் இராணுவம் லிங்கின் கூண்டைத் தேடி வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் எண்ணற்ற விமானிகள் அதில் அமர்ந்து பயின்றனர். இன்றும் பயணிகள் விமானத்தை ஓட்டுவோர், இயந்திரம் பழுதானால் என்ன செய்வது என்பதை இத்தகைய பாவனைக் கூண்டுகளில் அமர்ந்தே மீண்டும் மீண்டும் பழகுகின்றனர்.

நார்வே நாட்டில் நடந்ததும் இதைப் போன்றதே. அஸ்முண்ட் லேர்டால் என்பவர் பொம்மைகள் செய்து விற்றவர். மூச்சு நின்றுபோனவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையைப் பொதுமக்களுக்குக் கற்பிக்க, 1960ஆம் ஆண்டு அவர் ஆளளவு பொம்மை ஒன்றை உருவாக்கினார். 'ஆன்' என்று பெயரிடப்பட்ட அந்தப் பொம்மையின் நெஞ்சை அழுத்தியும் அதற்கு மூச்சூட்டியும் பழகியவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர்.

இவ்விரண்டுக்கும் பொதுவாக இருப்பது என்ன? தவறு செய்ய அங்கே இடம் உண்டு. தவறினால் உயிர் போகாது. ஆனால், தவறியது உடனே தெரிந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். புத்தகத்தில் படித்தது அறிவாக நிற்கிறது. கையால் செய்து பார்த்தது பழக்கமாகப் படிகிறது. ஆபத்து நேரத்தில் கைகொடுப்பது பழக்கமே.

ஆயினும், விளையாட்டு எதுவாயினும் நல்லதையே கற்பிக்கும் என்று எண்ணிவிடலாகாது. லிசி மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி, நிலங்கள் சிலர் கையில் குவிவதால் விளையும் கேட்டை மக்களுக்கு உணர்த்த விரும்பினார். அதற்கென 'நிலவுடைமையாளர் விளையாட்டு' ஒன்றை அமைத்து 1904இல் காப்புரிமை பெற்றார். அதற்கு இருவகை விதிகளை வகுத்தார். ஒன்றில், செல்வம் பெருகும்போது எல்லோரும் பயனடைவர். மற்றொன்றில், ஒருவர் மற்றவர்களை ஓட்டாண்டிகளாக்கி வெல்வார். இரண்டையும் ஆடி, எது நியாயம் என்று மக்கள் உணர வேண்டும் என்பது அவர் நோக்கம். நடந்ததோ வேறு. 1935இல் ஒரு பெரிய நிறுவனம் அவருடைய உரிமையை 500 டாலருக்கு வாங்கியது. பிறரை வீழ்த்தும் விதிகள் மட்டுமே 'மொனாப்பலி' என்ற பெயரில் உலகெங்கும் பரவின. நம் ஊர்க் கடைகளில் 'பிசினஸ்', 'டிரேட்' என்று விற்கப்படும் அட்டை விளையாட்டுகளும் அந்த வழியில் வந்தவையே. எதைக் கண்டிக்க அந்த விளையாட்டு பிறந்ததோ, அதையே நம் பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்து ஆடுகின்றனர்!

இதிலிருந்து பெற்றோர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. விளையாட்டில் பாடம் சொல்லுபவை அதன் விதிகளே. அந்தப் பாடத்தைப் புரிய வைப்பதோ, ஆடி முடித்தபின் நடக்கும் உரையாடல். கைப்பேசியில் மணிக்கணக்காக ஆடும் பிள்ளையிடம் எந்தப் பெரியவரும் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்பதில்லை. அதனால் ஆட்டம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது.

செலவில்லாத விளையாட்டு ஒன்றை வீட்டிலேயே நடத்திப் பாருங்கள். நூறு புளியங்கொட்டைகளை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, "இதுதான் இந்த மாத வருமானம்" என்று சொல்லுங்கள். வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம், சேமிப்பு என அவர்களே பங்கிடட்டும். பின்னர், முன்பே எழுதி மடித்து வைத்த சீட்டுகளில் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். 'வாப்பாவுக்குக் காய்ச்சல், மருந்துக்குப் பத்து', 'பெருநாள் வருகிறது, புத்தாடை வேண்டும்', 'அண்டை வீட்டார் கைமாற்றுக் கேட்டு வந்திருக்கிறார்'. எதைக் குறைப்பது, யாருக்குக் கொடுப்பது, எப்போது இல்லை என்பது? முடிவை அவர்களிடமே விட்டுவிடுங்கள். இடையில் திருத்தாதீர்கள். மாத நடுவில் கொட்டைகள் தீர்ந்துபோனால் தீரட்டும். எல்லாம் முடிந்தபின், "எந்த இடத்தில் வேறு விதமாகச் செய்திருக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள்.

மகன் விளையாட, மகள் அடுப்படியில் நிற்க வேண்டாம். நாளை ஒரு குடும்பத்தின் வரவுசெலவைத் தாங்கப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. இருவரும் சேர்ந்தே அமரட்டும்.

கணக்குப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்களும் கடனில் சிக்கித் தவிப்பதை நாம் காண்கிறோம். பணத்தைக் கையாளும் முதற்பயிற்சி அவர்களுக்கு உண்மையான பணத்தோடுதான் தொடங்கியது; முதல் தவறே மீள முடியாத தவறாகிவிட்டது. நம் பிள்ளைகளின் முதல் தவறு புளியங்கொட்டையோடு போகட்டும். மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குவது எந்தப் பெற்றோருக்கும் பெரும் பாரமன்று.