பல்லுல கிளிப் போட்டா கண்ணு போகாது

நான் பல் டாக்டர் இல்ல, எம்பிபிஎஸ்தான். ஆனா கடலூர் பக்கம் ஓபி-ல உட்கார்ந்தா இதைக் கேட்காம எழுந்திருக்க முடியாது: "மேல் பல்லைப் புடுங்கி கிளிப் போட்டா கண்ணு போயிடுமாமே சார்?"

போகாதுங்க. மேல் பல்லுக்குப் போறது ஐந்தாவது மூளை நரம்போட கிளை. பார்வைக்கு இரண்டாவது நரம்பு. ரெண்டும் வேற வேற ரூட்.

"கிளிப் போட்டா பல்லு ஆடிடும்." சிகிச்சை நடக்கும்போது லேசா ஆடத்தான் செய்யும். பல்லு நகர்ற பக்கம் எலும்பு கரையுது, விட்டு வந்த பக்கம் புதுசா வளருது. அது இறுக நாளாகும், அதுக்குத்தான் ரீடெய்னர். அதை டப்பாவுல போட்டு வச்சுட்டு "டாக்டர் ஏமாத்திட்டார்"னா எப்படி?

முன்பல் இடைவெளிக்கு ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்ற வீடியோக்காரங்க மேலதான் எனக்கு நிஜமான கோபம். பல்லோட வேர் கீழ போகப்போக குறுகும். பேண்ட் வழுக்கி ஈறுக்குள்ள போய் எலும்பை அரிச்சிடும். நல்ல பல்லு ரெண்டும் போச்சு.

"கல்யாணம் நிச்சயமாகட்டும், பாத்துக்கலாம்"னார் ஒரு அப்பா. பக்கத்துல பொண்ணு, பேசும்போதெல்லாம் கையால வாயை மூடிக்குது. சிகிச்சைக்கே ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும்ங்க! ஏழு வயசுலயே ஒரு தடவை காட்டிடணும். துருத்தின பல்லு, புள்ள கீழ விழுந்தா முதல்ல உடையும்.

காசுதான் யோசனையா? சிதம்பரம் அண்ணாமலை நகர்ல ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 2021-ல சுகாதாரத் துறை கைக்கு வந்து இப்ப அரசுக் கல்லூரி. பல் சீரமைப்புத் துறை அங்கயே இருக்கு. மாசாமாசம் பஸ் ஏறணும், அலைச்சல்தான், மறுக்கல. பழைய எக்ஸ்ரே இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க.