எத்தனை என்பதும் எப்படி என்பதும்

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் பரப்பு 14,707 ஏக்கர். முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் செய்திகளில் இந்த எண் வரும். அணையின் அடிக்கணக்கும் கனஅடிக்கணக்கும் உடன் வரும். 1895-ல் இந்தப் பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பிய அந்தத் தண்ணீர், இங்கே உழுது பிழைத்தவர்களின் மனதையும் நடத்தையையும் எப்படி மாற்றியது என்று கேட்டால் எந்த எண்ணும் பதில் சொல்லாது. அவர்களோடு இருந்து, பேச்சைக் கேட்டு, விவரித்துத்தான் சொல்ல வேண்டும். பண்புசார் ஆய்வு என்பது அந்த வேலை.

ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் ‘குவாலிடேட்டிவ்’ என்ற சொல்லை மேடைகளில் ‘தரமான’ என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள். தரம் இங்கே பேச்சே இல்லை; மோசமான பண்புசார் ஆய்வும் உண்டு. பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் உப்பைச் சோதித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே பண்பறி பகுப்பாய்வு, உப்பில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கும். எவ்வளவு என்பது வேறு சோதனை.

பண்புசார் ஆய்வுக்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்குக் கிராமங்களில் தங்கி, பிறமலைக் கள்ளர் மக்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2009-ல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பக வெளியீடாக வந்தது. ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் இந்தச் சமூகத்தையே பதிவேட்டில் ஏற்றி, கைரேகை வாங்கியது. பெயர்களை எண்ணியதே தவிர, அந்த மனிதர்களை அறியவில்லை. பாண்டியன் கேட்டது வேறு. ஒழுக்கம், அடக்கம், உழைப்பு, இரக்கம் பற்றி இவர்களே எப்படிப் பேசுகிறார்கள்? நிலத்தைத் திருத்துவதும் மனதைத் திருத்துவதும் அந்தப் பேச்சில் எப்படி ஒன்றாகின்றன? வெளியிலிருந்து ‘சீர்திருத்த’ வந்த அரசின் சொற்களும், உள்ளூரில் முன்பே இருந்த அறச்சொற்களும் எங்கே கலந்தன? எனக்கு இந்தக் கேள்விகள் மிக முக்கியமாகப்படுகின்றன. ஒரு சமூகத்துக்கு இழைத்த அநீதியின் ஆழம் இவற்றில்தான் தெரிகிறது.

ஆய்வு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்துப் பேரிடம் நீண்ட நேரம் பேசிவிட்டு, ஏழு பேர் ஒன்றையே சொன்னார்கள் என்பதற்காக 70 சதவீதம் என்று எழுதக் கூடாது. அந்தப் பத்துப் பேர் ஊருக்குப் பிரதிநிதிகளாகத் தேர்வானவர்கள் இல்லை. யார், எந்தச் சூழலில், என்ன சொல்லால் சொன்னார் என்பதும், மாற்றிச் சொன்ன மூவர் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதும்தான் அங்கே தரவு. எத்தனை வீடுகளில் அப்படி என்று தெரிய வேண்டுமானால் முறையாக மாதிரி எடுத்து, வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் என்ன கேள்வி கேட்பது என்பதை இந்தப் பத்துப் பேரின் பேச்சு காட்டும்.